நாற்பத்தோராவது பெட்டி

பெட்டி கனத்தது.

பாப்பா அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் இதே இடத்திலிருந்து எடுத்ததை விட இது கனம். அதுவே அதற்கு முந்தினதை விடக் கனமாகத்தான் இருந்தது.

நிமிர்ந்து கடையைச் சுற்றிப் பார்த்தாள். காலை எட்டரை மணி. எனக்கு முதலில் கொடு, எனக்கு முதலில் கொடு என்று தெருவே முண்டியடிக்க வேண்டிய நேரம். ஈ காக்கை இல்லை. மூன்று அட்டை முட்டை தொட்டது தொடாமல் அடுக்கியபடியே இருந்தது. கண்ணாடி அலமாரியில் நேற்றைய ரொட்டி வியர்த்துக்கொண்டிருந்தது. கல்லாவுக்குப் பின்னால் அண்ணன், சுத்தமாக இருந்த தராசுத் தட்டை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆள் வராத கடையில் பெட்டி மட்டும் எப்படி நிறைகிறது?

"என்ன பாப்பா முழிக்கிற? ரொம்பிடுச்சில்ல?" என்றார் அண்ணன்.

"ரொம்பிடுச்சு அண்ணே."

"அப்புறம் என்ன, கிளம்பு. மழை வர்றதுக்குள்ள நாலு கடையாவது பார்த்துடு."

அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. வியாபாரம் படுத்துக் கிடக்கிற மனிதனின் முகம் இல்லை அது. பாப்பாவுக்கு அதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது. பச்சை முத்திரைப் பட்டையின் எண்ணை ரசீதில் எழுதி, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, அங்கே புதுப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, நிறைந்ததை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் சொருகிக்கொண்டு கிளம்பினாள்.

முப்பத்து மூன்று வயதிலும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஒன்பது வருடம் ஒரு கூரியர் ஆபீஸின் கவுண்டரில் பார்சல் எடை போட்டவள். ஆபீஸ் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஷட்டரை இறக்கிவிட்டது. கடைக்கு மேலிருந்த மாடி அறையில் ஐந்து மாதம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. காது கேட்காத பிள்ளைகளுக்குக் கருவி வாங்கித் தரும் ஒரு அறக்கட்டளை. அதில் நன்கொடை திரட்டும் பிரிவு. மூன்று மாதம் பார்ப்பார்கள், தேறினால் நிரந்தரம்.

வேலை கிடைத்த அன்று வீட்டில் பெரிய விசாரணையே நடந்தது. அண்ணனுக்கு விஷயம் மண்டையில் ஏறவில்லை. தர்மம் என்றால் சம்பளம் எதற்கு, சம்பளம் என்றால் அது எப்படி தர்மம் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். ஆஸ்பத்திரியில் நர்சுக்குச் சம்பளம் இல்லையா என்று அண்ணி குறுக்கே புகுந்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "நர்ஸ் வீடு வீடா உண்டியல் தூக்கலையே" என்றார். உண்டியல் இல்லை, பெட்டி என்று பாப்பா திருத்தினாள். வித்தியாசம் என்ன என்று கேட்டார். அது அவளுக்கும் தெரியவில்லை.

வேலை என்னவோ கேட்பதற்கு லேசானதுதான். நாற்பது கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்பது பெட்டிகள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், முன்னால் காதில் கருவி மாட்டிய ஒரு சின்னப் பெண்ணின் படம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய் நிறைந்ததை எடுத்துக்கொண்டு புதிதை வைக்க வேண்டும். புதிதைச் சும்மா காலியாக வைக்கக் கூடாது. அடியில் ஒரு கைப்பிடி சில்லறை கிடக்க வேண்டும், வெறும் பெட்டியில் முதல் ஆளாகப் போட யாருக்கும் மனசு வராது. கடைக்காரர் எதிரில் குலுக்கிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு தேறும் என்று கேட்கவே கூடாது. ஆபீசுக்கு வந்த பிறகு இரண்டு பேர் சாட்சியாகத்தான் பட்டையை வெட்ட வேண்டும்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மேலதிகாரிக்கு வயது இருபத்தாறு. அவள் பாப்பாவை அக்கா என்பாள், பாப்பா அவளை மேடம் என்பாள். சிரித்துக்கொண்டேதான் கழுத்தை அறுப்பாள். பழைய நாற்பது பெட்டிகள் உங்களுக்கு இலவசம் அக்கா, அதை யார் வேணும்னாலும் தூக்கிட்டு வரலாம், நீங்களா பிடிக்கிற புது இடத்தை வெச்சுத்தான் நிரந்தரமா இல்லையான்னு முடிவு என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள்.

புது இடம் பிடிக்க பாப்பா செருப்புத் தேய நடந்தாள். சலூன்காரர் வேண்டாம் என்றார். செல்போன் ரிப்பேர் கடையில் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள், இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பேக்கரிக்காரர் இடமில்லை என்றார். நாலு பேர் படுத்து உருளலாம், அவ்வளவு பெரிய மேஜை. ஈரக் காலோடு கடைக்குள் நுழைந்து அரிசி மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தவளை அண்ணன் பார்த்தார். கல்லாவுக்கு இடப்பக்கம் இருந்த மிட்டாய் ஜாடியை நகர்த்தி இடம் பண்ணினார்.

"இங்க வை" என்றார்.

அதுதான் நாற்பத்தோராவது பெட்டி.

*

அறக்கட்டளையின் பட்டியலில் பன்னிரண்டாவது கடை, சிக்னல் பக்கத்து சூப்பர் மார்க்கெட். அண்ணன் கடையிலிருந்து எட்டு நிமிட நடை. அன்று மதியம் பாப்பா அங்கே பெட்டி மாற்றப் போனபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்று வரிசையில் கூட்டம். ஒரு குடையிலிருந்து சொட்டியது அடுத்தவர் காலில் விழுந்தது.

பெட்டியைத் தூக்கினாள். காற்று மாதிரி வந்தது. அடியில் அவள் போட்டு வைத்த கைப்பிடி சில்லறைக்கு மேல் நாலைந்து காசு.

இவ்வளவு கூட்டத்தில் இவ்வளவுதான். ஆளே இல்லாத இடத்தில் அவ்வளவு. அப்போதுதான் வரிசையில் நின்ற முகங்களைப் பார்த்தாள்.

அத்தனையும் தெரிந்த முகங்கள். அண்ணன் கடைக்கு எதிர் வீட்டுத் தையல்காரம்மா. ரிட்டயரான கணக்கு வாத்தியார். காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் தினம் ஒரு ரொட்டியும் நாலு முட்டையும் வாங்கும் நர்ஸம்மா. பத்து வருடமாக அண்ணன் கையால் வாங்கியவர்கள். எட்டு நிமிடம், அதுவும் மழையில், நடந்து இங்கே வந்து நிற்கிறார்கள்.

பாப்பா சிரித்தாள். நர்ஸம்மாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் பார்வை பாப்பாவின் கையிலிருந்த பெட்டிக்கு இறங்கியதும், சட்டென்று முகத்தைச் சோப்பு அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தையல்காரம்மா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் என்ன பாவம் செய்தேன்?

அன்று மாலை அண்ணியிடம் கொட்டிவிட்டாள். சமையலறையில் அண்ணி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தச் செய்தி புதிதில்லை. கூட்டம் குறைந்ததை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், பார்த்துச் சும்மாவும் இருக்கவில்லை. முதலில் முட்டைதான் சரியில்லையோ என்று முட்டைக்காரரை மாற்றினாள். பிறகு ரொட்டிக் கம்பெனியை மாற்றினாள். பல்பை மாற்றினாள். வெயிலுக்கு ஃபேன் வாங்கிப் போட்டாள், ஃபேன் வந்த வாரம் மழை ஆரம்பித்தது. கடைசியாக, தன் குரல்தான் கடுகடுப்பாக இருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, பத்து நாளாகக் கடைப்பக்கம் வந்தால் வாயே திறப்பதில்லை.

"அதான் நீங்க கொஞ்ச நாளா கடையில ஊமையா இருக்கீங்களா?"

"பின்ன? தொண்டை வலின்னு உங்க அண்ணன் கஷாயம் போட்டுத் தராரு. அதையும் குடிச்சித் தொலைக்கிறேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அடுத்த சந்தேகத்தைக் கேட்டாள். ஒருவேளை அண்ணன் தன் கைக்காசையே பெட்டியில் போடுகிறாரோ? தங்கச்சி வேலை நிலைக்கட்டும் என்று?

அண்ணி கத்தியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க அண்ணனா? காலண்டர் தாளைப் பின்பக்கமும் எழுதித் தீர்த்துட்டுத்தான் கிழிப்பாரு அந்த மனுஷன். கல்லாவுல இருந்து ஒரு காசு எடுத்தாக்கூட ராத்திரி எங்கிட்ட சொல்லாம தூக்கம் வராது. அவரு போடல."

"அப்ப யாரு போடறா?"

"உங்க வேலையில அதைத்தானே கத்துக்கறீங்க? நீங்க சொல்லுங்க."

இதே கேள்வியை இரண்டு நாள் கழித்து ஆபீசில் மேடம் கேட்டாள். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, பதமாகக் கேட்டாள். மொத்தப் பிரிவிலேயே நாற்பத்தோராம் எண்தான் முதலிடம், இரண்டாவது இடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கடை, உங்கள் அண்ணன் கடையோ ஒரு ஆள் அகலம், எப்படி?

"எனக்கே புரியல மேடம்."

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சில பேர் நிரந்தரமாகணும்னு சொந்தச் சம்பளத்தையே பெட்டியில போட்டுடுவாங்க. போன வருஷம் ஒருத்தர் மாட்டினாரு. நீங்க அப்படி ஏதாவது?"

பாப்பாவின் காது மடல் சூடானது. இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேடம் பளிச்சென்று சிரித்தாள். அப்படியென்றால் அது நிஜமான சாதனை, நட்சத்திரக் கடை என்று ஒரு சான்றிதழ் உண்டு, வெள்ளிக்கிழமை நானே வந்து உங்கள் அண்ணன் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறேன் என்றாள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணினால் பாப்பாவின் மூன்று மாதம் முடிய பத்தே நாள். இந்தப் பெட்டி இருக்கும்வரை அவள் வேலைக்கு ஆபத்தில்லை, இது இல்லாவிட்டால் அவள் பிடித்த புது இடங்களில் உருப்படியானது ஒன்றுகூட இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைத்தாள்.

வெளியே வந்த பாப்பாவுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். மிட்டாய் ஜாடிகள் பளபளத்தன. அண்ணி வாசலில் தேங்கிய மழைநீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்காமல். பதினோரு மணிக்கு மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் சட்டம் போட்ட சான்றிதழ்.

வந்தவளுக்குத் தாகம். ஒரு தண்ணீர் பாட்டில் கேட்டு நோட்டை நீட்டினாள்.

காசு வேண்டாம் என்று அண்ணன் சொல்லுவார் என்று பாப்பா எதிர்பார்த்தாள். அவர் வாங்கிக்கொண்டார். கல்லாவைத் திறந்தார். மீதியை எண்ணி எடுத்தார். மேடத்தின் கை அதை வாங்க நீண்டது.

அந்தக் கையைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பி, அண்ணன் மீதிக் காசை அப்படியே பெட்டிக்குள் போட்டார். கலகலவென்று இறங்கியது.

"பிள்ளைங்களுக்குப் போட்டுட்டேம்மா. உங்க கையால ஒரு நல்ல காரியம்" என்றார் மலர்ந்த முகத்தோடு.

நீட்டிய கை நீட்டியபடியே ஒரு நொடி நின்றது. படத்திலிருந்த சின்னப் பெண் மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள். மேடமும் சிரித்தாள். "ரொம்ப நல்லதுங்க" என்றாள். கை மெல்ல மடங்கிப் பைக்குள் போயிற்று.

அந்தச் சிரிப்பைப் பாப்பா எங்கேயோ பார்த்திருக்கிறாள். மழை, மூன்று வரிசை, சோப்பு அலமாரிப் பக்கம் திரும்பிய முகம்.

போட்டோ எடுத்தார்கள். அண்ணன் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்து, மறுபடி நின்றார். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்ததும், மேடம் பாப்பாவைத் தனியே ஸ்கூட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். குரல் இறங்கியிருந்தது.

"உங்க அண்ணன் எல்லார்கிட்டயும் இப்படித்தானா?"

"தெரியாது மேடம். நான் காலையில போனா சாயங்காலம்தான் வர்றேன். இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"அது ஆட்டோவுக்கு வெச்சிருந்த காசு அக்கா. கொடுங்கன்னு கேக்க வாய் வரல எனக்கு. இதே வேலையில நாலு வருஷமா இருக்கேன், எனக்கே வரல."

மேடத்தின் மொத்தக் கணக்கிலும் இந்தப் பெட்டி ஒரு பெரிய துண்டு என்பது பாப்பாவுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பது மேடத்துக்கும் தெரியும். இது சரியா என்று பாப்பா கேட்டாள். சரியில்லை என்றாள் மேடம். எடுத்துவிடவா என்று பாப்பா கேட்டாள். எடுத்தால் நீங்கள் தேற மாட்டீர்கள் என்றாள். அப்படியென்றால் வைக்கவா? மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெட்டி வைத்தது நீங்கள், நீங்களே முடிவு பண்ணுங்கள், எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடிக்காமல் பஸ் நிறுத்தம் இருக்கும் திசையில் நடந்தாள்.

*

மதியம் கடையில் அவர்கள் மூன்று பேர் மட்டும். சான்றிதழை எங்கே மாட்டலாம் என்று அண்ணன் சுவரை அளந்துகொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே ஆரம்பித்தாள்.

"அண்ணே, மீதிக் காசை நீங்களேவா பெட்டியில போடறீங்க?"

"ஆமா. முதல்ல ஒண்ணு ரெண்டுதான் போட்டேன், இப்பல்லாம் மீதி முழுசும். ஏன்?"

"கேட்டுட்டா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நல்ல காரியத்துக்கு எவனாவது மாட்டேன்னு சொல்லுவானா? இத்தனை நாள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் வேணாம்னு சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்க அண்ணே. நீங்க போட்ட பிறகு எப்படிச் சொல்லுவாங்க? சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. அடுத்த நாள் வேற கடைக்குப் போவாங்க. நான் சூப்பர் மார்க்கெட்ல பார்த்தேன். எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க. என் கையில பெட்டியைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க."

அண்ணனின் கை சுவரிலேயே நின்றது. சான்றிதழ் அவர் நெஞ்சோடு சாய்ந்திருந்தது.

"அதனாலயா வரல?" என்றார், யாரையும் பார்க்காமல்.

அத்தனை நாளாகக் கடையில் மூடியிருந்த அண்ணியின் வாய் அப்போது திறந்தது. முட்டைக்காரரை மாற்றினேனே, ரொட்டியை மாற்றினேனே, சொம்பு சொம்பாகக் கஷாயம் குடித்தேனே என்று வரிசையாக ஆரம்பித்தாள். அண்ணன் அவளைத் தடுக்கவில்லை. அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் மட்டும் சொன்னார்:

"நீ ஈரக் காலோட வந்து உக்காந்தியே பாப்பா, அன்னிக்கு உன் மூஞ்சியைப் பார்க்க முடியல. எங்கிட்ட என்ன இருக்கு கொடுக்க? வர்றவங்க சில்லறைதான் இருந்துச்சு."

பாப்பாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை, அழுகையும் முழுசாக வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று வந்து நின்றுகொண்டது. நேரே பையைத் திறந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள்.

"பெட்டியை எடுத்துக்கறேன் அண்ணே. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன்."

"அண்ணே."

"பத்து நாள்தானே இருக்கு? பத்து நாள் கழிச்சு எடுத்துக்க. உன் வேலை உறுதியாகட்டும். இத்தனை நாள் போன ஆளுங்க இன்னும் பத்து நாள் போனா குடியா முழுகிடும்?"

"பத்து நாள்ல இன்னும் பத்துப் பேர் போவாங்க. அப்புறம் கடை எங்க இருக்கும்?"

"கடையை நான் பார்த்துக்கறேன். உன் வேலையை நீ பாரு."

"இதுதான் அண்ணே என் வேலை. கொடுக்கறவங்க கொடுத்தாத்தான் அது வசூல். இது வேற."

அவர் பேனாவைத் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். கடைக்காரர் கையெழுத்து இல்லாமல் பெட்டியை நகர்த்தக் கூடாது என்பது அறக்கட்டளையின் விதி, அது அவருக்கும் தெரியும். அவள் வேலை போகக் கூடாது என்று அவர் பெட்டியைக் காத்தார். அவர் கடை போகக் கூடாது என்று அவள் பெட்டியைக் கேட்டாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

அண்ணி புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரசீதுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கடை லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல" என்று அவளே சொல்லிக்கொண்டு, பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி பாப்பாவிடம் கொடுத்தாள். காலியான இடத்தில் மிட்டாய் ஜாடியை இழுத்து வைத்தாள்.

அண்ணன் மாடிக்குப் போய்விட்டார். அன்று இரண்டு முட்டை பொரித்து வைத்தும் சாப்பிட இறங்கி வரவில்லை.

*

பெட்டி போய்விட்டால் ஆள் வந்துவிடும் என்று அண்ணி நினைத்திருந்தாள். சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை ஒரு புது ஆள் வழி கேட்க வந்தான், வழி கேட்டுவிட்டுப் போனான். பெட்டி இல்லை என்பது போனவர்களுக்கு எப்படித் தெரியும்? வாசலில் போர்டு எழுதி வைக்கவா முடியும்?

ஆபீசில் பாப்பா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். மேடம் இரண்டு தடவை படித்தாள். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று மேலே கேட்டாள். ஒருவர் போட்டது யாருடையது என்று பெட்டிக்குத் தெரியாது, அதனால் முடியாது என்று மேலே சொன்னார்கள். பாப்பாவின் பெயர் நிரந்தரப் பட்டியலில் வராது என்றாகிவிட்டது. "ஆனா வேலையை விட்டு நிக்க வேணாம் அக்கா. மாசம் முடிஞ்சதும் வாங்க. என்னவா வரணும்னு கேக்காதீங்க, எனக்கே இன்னும் தெரியல" என்றாள் மேடம். அது வேலை போன செய்தியா, இருக்கிற செய்தியா என்று வீடு வரும்வரை யோசித்தும் பாப்பாவுக்குப் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் தன் பர்ஸைத் திறந்து சில்லறையை அரிசித் தட்டில் கொட்டினாள். யார் யாருக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள் அண்ணே, நானே போய்க் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு வருகிறேன் என்றாள்.

நாலு நாளாகப் பேசாதிருந்த அண்ணன் அப்போதும் முகத்தைக் காட்டவில்லை. முட்டை அட்டையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். வாத்தியார், மூன்று தடவை. தையல்காரம்மா, ஐந்து, அதில் ஒன்று பெரிய நோட்டு. மாவு மில்காரர். நர்ஸம்மா. தேதி தவறாமல், காசு தவறாமல் வந்தது. அத்தனையும் ஞாபகம் இருந்தது அவருக்கு. பாப்பா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அடுத்தவர் காசு என்று மனசின் ஏதோ ஒரு மூலையில் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கிளம்பினாள். வாத்தியார் காசை வாங்கிக்கொண்டு, சரி என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். தையல்காரம்மா வாங்கிக்கொண்டு, உன் அண்ணன் நல்லவர்தான், ஆனால் என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் நிற்க வைத்தாள். மாவு மில்காரர் வாங்கவில்லை, திட்டினார். மில்லை விட்டு வெளியே வந்தபோது தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அதே இஸ்திரிச் சட்டை, கசங்கியிருந்தது. அவள் கையிலிருந்த சில்லறைப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நர்ஸம்மாவின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், ஒரு காலில் மட்டும் ஷூ. இருவரையும் பார்த்ததும் அந்தப் பழைய சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது.

அண்ணன் எண்ணி வைத்திருந்த காசை நீட்டினார். "உங்க மீதி. நான் கேக்காம போட்டுட்டேன்."

"ஐயோ, அதுக்காகவா மூணு மாடி ஏறி வந்தீங்க? பரவாயில்லைங்க. நல்ல காரியத்துக்குத்தானே. அது போகட்டும்."

அண்ணன் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. வேண்டாம் என்கிறாளே, இது வேண்டாம்தானா? பாப்பாவுக்கும் தெரியவில்லை. மூன்று மாத வேலையில் இதற்குப் பதில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"முதல்ல வாங்கிக்கோங்க. அப்புறம் எங்கயாவது போடணும்னு தோணுச்சுன்னா நீங்களே போடுங்க. போடலன்னாலும் ஒண்ணுமில்ல" என்றாள் பாப்பா.

அண்ணனின் கை நீட்டியபடியே இருந்தது. கீழே யாரோ சைக்கிளை மாடிப்படியில் முட்டவைத்துத் திட்டு வாங்கினார்கள். அண்ணன் கையை மடக்கவில்லை.

நர்ஸம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. வடிந்த பிறகு தெரிந்த முகம், நாள் முழுக்க நின்று களைத்த ஒரு சாதாரண முகம். அவள் கையை நீட்டிக் காசை வாங்கினாள். ஒவ்வொன்றாக, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். எண்ணி முடித்து அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு காசு குறையுது" என்றாள்.

அண்ணன் அவசர அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவினார்.

"அதை நாளைக்குக் காலையில கொடுங்க. ரொட்டி பழைய கம்பெனிதானே வெச்சிருக்கீங்க?" என்றாள் நர்ஸம்மா.